ரொட்டியும் சாயத்தண்ணியும்: எல்ல மலைத்தோட்டங்களில் அன்றும் இன்றும்

எல்ல கடைத்தெருவில் காலை எட்டு மணிக்கே மேசைகள் நிரம்பிவிடும். பட்டர்புருட் தடவிய பாண், பழம் வெட்டிப்போட்ட கிண்ணம், வல்லாரைச் சம்பல், குரக்கன் ரொட்டி, இலைக்கஞ்சி என்று உடம்புக்கு நல்லதெல்லாம் அங்கே கிடைக்கும். சாப்பிடுகிறவர்களில் பாதிக்கு மேல் வெளிநாட்டுக்காரர்கள். சாப்பிட்டு முடித்து, 1921இல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்கத் தெமோதரைப் பக்கமாக நடந்தால் வழி நெடுக தேயிலை மலை. அங்கே காலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்த பெண்கள் பத்து மணித் தேத்தண்ணிக்கு உட்கார்ந்திருப்பார்கள். பையிலிருந்து வெளியே வருவது கோதுமை மா ரொட்டி, கொஞ்சம் சம்பல், போத்தலில் சாயத்தண்ணி.

இரண்டு சாப்பாட்டுக்கும் நடுவே இரண்டு மூன்று கிலோமீற்றர்தான் தூரம். ஆனால் உணவுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றி உலகம் இன்று பேசும் பேச்சு முழுவதும் கீழே கடைத்தெருவுக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. மேலே மலைக்கு அது ஏறவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பேச்சுக்கு அடிப்படையான ஆராய்ச்சிகளில் முக்கியமான சில இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலேயே, கொழுந்து பறிக்கும் பெண்களின் இரத்தத்தை எடுத்துச் செய்யப்பட்டவை.

அரிசி போட்ட காலம்

திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து ஆள் திரட்டிய கங்காணி பின்னால் மலையேறி வந்தவர்கள் ஊரில் கம்பும் கேழ்வரகும் சோளமும் தின்று வளர்ந்தவர்கள். நெல்லுச் சோறு அவர்களில் பலருக்கு நாள் கிழமைச் சோறு. தோட்டத்துக்கு வந்ததும் அது தினசரிச் சோறாயிற்று. ஆனால் அந்த அரிசி அவர்கள் விளைவித்ததும் இல்லை, சந்தையில் பார்த்து வாங்கியதும் இல்லை. பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலில் வந்து, வண்டியிலும் பிறகு ரயிலிலும் மலை ஏறிய அரிசியைத் தோட்டமே அளந்து போட்டது. விலையைக் கூலியில் பிடித்துக்கொண்டது. 1927இல் இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தபோது, கூலியோடு அரிசி கொடுக்க வேண்டிய விலையும் அதற்குள் வந்தது. அரிசி அந்த அளவுக்குக் கூலியின் பாகமாக இருந்தது.

சோற்றுக்குத் துணையாக, லயம் எனப்படும் வரிசை வீடுகளுக்குப் பின்னாலிருந்த துண்டு நிலம் கைகொடுத்தது. பூசணி, அவரை, மிளகாய், முருங்கை, பொன்னாங்கண்ணி. பல லயங்களில் மாட்டுப்பட்டி இருந்தது. பால் விற்பனைக்குப் போனாலும் மோராவது பிள்ளைகளுக்கு மிஞ்சும். மலையில் கொழுந்து பறிக்கும்போதே கண்ணில் பட்ட கீரையை ஆய்ந்து மடியில் கட்டிக்கொண்டு வருவதும் அன்றாட வழக்கம். இதைப் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. கொக்கிப்புழுவும் காய்ச்சலும் இரத்தச் சோகையும் அந்த லயங்களில்தான் குடியிருந்தன. 1910களில் அமெரிக்காவின் ரொக்கபெல்லர் அறநிறுவனம் இலங்கையில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தோட்டங்களில் தொடங்கியதற்குக் காரணமும் அதுதான். வெறுங்காலோடு மலையில் நிற்பவரின் பாதத்தைத் துளைத்து உள்ளே போய், குடலில் தங்கி, இரத்தத்தை உறிஞ்சும் புழு அது.

மா வந்த கதை

சோற்றுப் பானையை அசைத்தது உலகப்போர். 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் இலங்கைக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. பங்கீடு வந்தது. அரிசி குறைந்த இடத்தைக் கோதுமை மாவும் பாணும் நிரப்பின. போர் முடிந்தும் மா போகவில்லை. கூப்பன் அரிசியோடு சேர்ந்து மாவும் லயத்து அடுப்படியில் தங்கிவிட்டது.

1973, 1974ஆம் ஆண்டுகளை மலையகத்தில் வயதானவர்கள் இன்றும் பஞ்சகாலம் என்றே சொல்கிறார்கள். உலகச் சந்தையில் தானிய விலையும் எண்ணெய் விலையும் ஏறின. அரசாங்கம் பங்கீட்டு அரிசியையும் மாவையும் குறைத்தது. கிராமத்தவருக்கு வயலோ சேனையோ இருந்தது. தோட்டத்தவருக்குக் கையளவு நிலமும் சொந்தமில்லை. 1948இன் சட்டம் குடியுரிமையைப் பறித்த பிறகு பலருக்கு வாக்கும் இல்லை. மரவள்ளியும் காட்டுக் கிழங்கும் தின்று நாள் கடத்தினார்கள். தோட்டங்களில் சாவு வீதம் சட்டென ஏறியது. அதே ஆண்டுகளில்தான் தோட்டங்கள் அரசுடைமையாகிக்கொண்டிருந்தன. முதலாளி மாறினார், பானை நிறையவில்லை.

1977இல் ஒப்பந்தமாகி 1980இல் திருகோணமலையில் பிறிமா மா ஆலை ஓடத் தொடங்கிய பிறகு கோதுமை மா நாடெங்கும் தாராளமாகக் கிடைத்தது. தோட்டத்தில் அது அசைக்க முடியாத இடத்தைப் பிடித்ததற்கு விலையை மட்டும் காரணம் சொல்ல முடியாது. கொழுந்து பறிக்கும் பெண்ணின் காலைப் பொழுதைப் பார்த்தால் மீதிக் காரணம் விளங்கும். விடிய முன்னமே எழும்பித் தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை ஆயத்தம் செய்து, கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நேரத்துக்குப் போய் நிற்க வேண்டும். சோறு என்றால் அரிசி களைந்து, உலை வைத்து, வடித்து, கறி இரண்டாவது ஆக்க வேண்டும். ரொட்டிக்கு அத்தனை வேலை இல்லை. மாவில் உப்பும், இருந்தால் ஒரு பிடி தேங்காய்ப் பூவும் போட்டுப் பிசைந்து, உள்ளங்கையால் தட்டி, காய்ந்த தட்டில் போட்டுத் திருப்பினால் முடிந்தது. கறி தேவையில்லை, இடிச்ச சம்பல் போதும். கடதாசியில் சுற்றிக்கொண்டு மலையேறலாம். ஆறினாலும் கெடாது. தின்றால் பகல் வரை வயிறு கிடக்கும். தோட்டத்து நேரக் கணக்குக்கு ஏற்ற சாப்பாடு ரொட்டிதான்.

அந்த ரொட்டியை உள்ளே தள்ளுவதற்குச் சாயத்தண்ணி. பால் தேத்தண்ணி விருந்தாளிக்கு. உலகத்துக்குக் கொழுந்து பறித்துக் கொடுப்பவர் வீட்டில் ஓடுவது பெரும்பாலும் தூள்தேயிலையின் கடுஞ்சாயம்.

கொழுந்தால் அளந்த இரத்தம்

1970களின் பிற்பகுதியில் அமெரிக்க ஆய்வாளர் எட்ஜர்ட்டனும் அவரோடு இலங்கை மருத்துவர்களும் இங்குள்ள தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஒரு சோதனை செய்தார்கள். இரத்தச் சோகை உள்ள பெண்களில் ஒரு பகுதியினருக்கு இரும்புச்சத்து மாத்திரை, மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொருவரும் ஒரு நாளில் எத்தனை கிலோ கொழுந்து பறிக்கிறார் என்று நிறுத்தார்கள். ஒரு மாதத்தில் வித்தியாசம் தெரிந்தது. இரத்தம் ஏறியவர்கள் கூடுதலாகப் பறித்தார்கள். ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 6 முதல் 9 கிராம் வரை மட்டுமே இருந்த, மிக மோசமாகச் சோகை பிடித்த பெண்களிடம்தான் முன்னேற்றம் அதிகம். வேலை நேரம் முடிந்த பிறகும் அவர்களின் நடமாட்டம் கூடியிருந்தது. 1979இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்த இந்த ஆய்வு இன்றும் உலகப் பாடப்புத்தகங்களில் மேற்கோளாகிறது.

முடிவு நல்ல முடிவுதான். ஆனால் அதை அளந்த தராசைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு பெண்ணின் இரத்தம் தேறியதற்குச் சாட்சி, அவள் கூடையின் நிறை. பசியில்லாமல் தூங்கினாளா, பிள்ளைக்குப் பால் சுரந்ததா என்பதெல்லாம் கணக்கில் இல்லை. தோட்டத்தில் பேர் போடும் முறையும் இதேதான். அன்றைய கிலோ நிறைந்தால் முழுப் பேர், நிறையாவிட்டால் அரைப் பேர். ஆராய்ச்சியும் அந்தத் தராசையே கடன் வாங்கிக்கொண்டது.

பிறகு வந்தவர்கள் கொஞ்சம் விலகிப் பார்த்தார்கள். 1994இல் வெளியான ஆய்வொன்றில் அத்துகோரளவும் குழுவினரும் தோட்டத்துக் கர்ப்பிணிகளைப் பார்த்தார்கள். இரும்பும் போலிக் அமிலமும் மட்டும் எடுத்தவர்களைவிட, அவற்றோடு பூச்சி மருந்தும் எடுத்தவர்களுக்கு இரத்தம் நன்றாக ஏறியது. குடலில் புழுவை வைத்துக்கொண்டு இரும்பை விழுங்கினால் முழுப் பலன் கிடைக்காது என்பதை அது எண்களில் காட்டியது. இன்று கர்ப்பிணிகளுக்குச் சுகாதார நிலையத்தில் இரும்பு மாத்திரையோடு பூச்சி மருந்தும் கொடுக்கிறார்கள். 1970களில் தொடங்கிய திரிபோஷ என்ற சத்து மாவும் தாய்க்கும் பிள்ளைக்கும் கிடைக்கிறது. அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசங்களில் உருப்படியானது இது.

மாவில் போட்ட இரும்பு

எல்லோரும் ரொட்டிதான் தின்கிறார்கள், அப்படியானால் மாவிலேயே இரும்பைக் கலந்துவிட்டால் என்ன? கேட்பதற்குக் கெட்டிக்கார யோசனை. மாத்திரை மறந்துபோகும், ரொட்டி மறக்காது. இலங்கைத் தோட்ட மக்களிடையே இரண்டு வருடம் இதைச் சோதித்தார்கள். இரும்பு கலந்த மாவும் கலக்காத மாவும் தனித்தனிக் குழுக்களுக்குப் போயின. 2004இல் முடிவு வெளியானது. பாலர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் இரத்தம் ஏறவில்லை. இரும்பு கலந்த மாவைத் தின்றவர்களும் மற்றவர்களும் ஒரே நிலையில்தான் நின்றார்கள்.

ஏன்? மாவில் கலந்தது விலை குறைந்த இரும்புத் தூள். உடம்பு அதை லேசில் ஏற்காது. தானியத்தில் இருக்கும் பைற்றேற் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இதற்கு மேல் சாயத்தண்ணி. தேயிலையின் துவர்ப்புக்குக் காரணமான பொலிபினோல்கள் குடலில் தாவர உணவின் இரும்போடு ஒட்டி, உடம்பு உறிஞ்ச முடியாத சிக்கலாக்கிவிடும். 1975இலேயே தென்னாப்பிரிக்காவில் டிஸ்லரும் குழுவினரும் பாணோடும் சோற்றோடும் தேநீர் குடிக்கக் கொடுத்து இதை அளந்து காட்டியிருந்தார்கள். அந்தத் தேநீர் எங்கிருந்து வருகிறதோ அந்த மலைக்கு மட்டும் செய்தி வந்து சேரவில்லை.

2017இல் இங்கிலாந்தில் நடந்த ஒரு சிறிய சோதனை இன்னும் தெளிவாகச் சொன்னது. ஆரோக்கியமான 12 பெண்கள். சாப்பாட்டோடு தண்ணீர் குடித்தபோது உணவின் இரும்பில் சராசரி 5.7 சதவீதம் உடம்பில் சேர்ந்தது. சாப்பாட்டோடு தேநீர் குடித்தபோது அது 3.6 சதவீதமாக இறங்கியது. அதே தேநீரை ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தபோது மறுபடி 5.7. பன்னிரண்டு பேரை வைத்து உலகத்துக்கே சட்டம் எழுத முடியாது. ஆனாலும் பழைய ஆய்வுகள் காட்டிய திசையிலேயே இதுவும் நிற்கிறது. இந்த இழப்பைத் தவிர்க்க மாத்திரை வேண்டாம், புது மா வேண்டாம், காசும் வேண்டாம். ஒரு மணி நேரம் போதும்.

இன்று தட்டில் என்ன

இன்று லயத்துப் பிள்ளைகளில் பலர் மலைக்குப் போவதில்லை. எல்ல ஹோட்டல்களில் அறை துடைக்கிறார்கள், சமையலறையில் நிற்கிறார்கள், முச்சக்கர வண்டி ஓட்டுகிறார்கள். கொழும்புக் கடைகளிலிருந்து மாதாமாதம் காசு அனுப்புகிறார்கள். அவர்களோடு தட்டும் மாறிவிட்டது. லயத்துச் சந்திக் கடையில் நூடில்ஸ் பக்கற்றும் பிஸ்கட்டும் வர்ணச் சோடாவும் தொங்குகின்றன. பள்ளிக்குப் போகும் பிள்ளை காலையில் ஒரு பணிஸ், சம்பள நாளில் கொத்து. மாட்டுப்பட்டி இருந்த இடங்கள் பல இன்று வெறுமையாகக் கிடக்கின்றன. கீரை ஆய்ந்த மலையில் களைநாசினி அடிக்கிறார்கள், அங்கே பறித்துத் தின்ன யாருக்கும் துணிவில்லை. பாட்டி காலத்துக் கேழ்வரகு இன்று குரக்கன் ரொட்டியாகிக் கீழே ஹோட்டல் மேசையில் இருக்கிறது.

ஆலையில் செய்த இந்த உணவுகள் உடம்பை என்ன செய்கின்றன என்பதை அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹோல் 2019இல் காட்டினார். 20 பேரை ஆஸ்பத்திரியிலேயே தங்கவைத்து, இரண்டு கிழமை ஆலை உணவு, இரண்டு கிழமை வீட்டுச் சமையலை ஒத்த உணவு. இரண்டிலும் பரிமாறிய சீனி, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் சமம். வேண்டுமட்டும் தின்னலாம். ஆலை உணவின்போது ஒருவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாகத் தின்றார், இரண்டு கிழமையில் கிட்டத்தட்ட ஒரு கிலோ நிறை கூடியது. வீட்டுச் சமையலின்போது அதே அளவு குறைந்தது.

இலங்கையில் 2005, 2006இல் எடுத்த கணக்கின்படி வளர்ந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு நீரிழிவு. 2018, 2019இல் எடுத்த இன்னொரு பெரிய கணக்கில் அது 23. எடுத்த முறைகள் வேறுபட்டாலும் போக்கு எந்தப் பக்கம் என்பதில் சந்தேகமில்லை. தோட்டத்தில் இது இரட்டை அடி. 2016ஆம் ஆண்டுச் சனத்தொகை, சுகாதார அளவீட்டின்படி தோட்டத்துறையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 32 சதவீதத்தினர் வயதுக்குரிய உயரத்தை எட்டவில்லை. நாட்டுச் சராசரி 17. அதற்குப் பத்து வருடம் முன்பு தோட்டத்தில் அது 40 சதவீதமாக இருந்தது. இறங்கியிருக்கிறது, உண்மை. ஆனாலும் மூன்றில் ஒரு பிள்ளை. கருவிலும் சிறு வயதிலும் சத்தில்லாமல் வளர்ந்த உடம்பு, பின்னாளில் சீனியும் மாவும் நிறையக் கிடைக்கும்போது நீரிழிவுக்கு எளிதில் இடம் கொடுக்கும் என்பதைப் புனேயில் 1993 முதல் தாய்மாரையும் பிள்ளைகளையும் தொடர்ந்து பார்த்துவரும் யாஜ்னிக் குழுவினர் பல கோணங்களில் காட்டியிருக்கிறார்கள்.

மும்பைச் சேரிகளில் 6,500க்கு மேற்பட்ட பெண்களை வைத்துச் செய்த சோதனையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. கர்ப்பமாவதற்கு முன்பிருந்தே ஒரு குழுவுக்குக் கீரையும் பழமும் பாலும் சேர்த்த சிற்றுண்டி தினமும் கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு உருளைக்கிழங்கு, வெங்காயம் போன்றவற்றால் செய்த சிற்றுண்டி. மொத்தத்தில் பிள்ளைகளின் பிறப்பு நிறையில் பெரிய மாற்றமில்லை. கர்ப்பத்துக்கு மூன்று மாதம் முன்பே தொடங்கியவர்களின் பிள்ளைகள் மட்டும் சராசரி 48 கிராம் கூடுதலாகப் பிறந்தார்கள். ஆனால் கர்ப்பகால நீரிழிவு 12.4 சதவீதத்திலிருந்து 7.3 சதவீதமாகக் குறைந்தது. லயத்துக்குப் பின்னால் அன்று முளைத்த பொன்னாங்கண்ணியின் பெறுமதி இப்போதுதான் எண்ணாக வருகிறது. அதற்குள் அந்தத் துண்டு நிலம் பல இடங்களில் கைவிட்டுப் போய்விட்டது.

அந்த ஒரு மணி நேரம் யாருடையது?

2022இல் நாட்டில் காசு முடங்கியபோது கோதுமை மா விலை சில மாதங்களில் பல மடங்கு ஏறியது. ரொட்டியை நம்பிய அடுப்புகளுக்கு அது இன்னொரு பஞ்சகாலம். மூன்று ரொட்டி இரண்டாயிற்று, சம்பலில் தேங்காய் காணாமல் போனது. 2024இல் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாயாகியது. நெத்தலியும் முட்டையும் பருப்பும் வாங்கத்தான் வேண்டும் என்று சொல்வது சுலபம். தோட்டக் கூலியில் ஐந்து பேர் வீட்டில் அதைக் கிழமைக்கு எத்தனை நாள் வாங்கலாம் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

இருந்தும் காசில்லாமல் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. ரொட்டியோடு சம்பலில் தேசிக்காய்ப் புளியைத் தாராளமாக விடலாம். புளிப்பிலுள்ள விற்றமின் சீ தாவர இரும்பை உடம்பில் சேர்க்க உதவும். மலையில் பழுக்கும் கொய்யாவும் நெல்லியும் அதையே செய்யும். இரும்பு மாத்திரையைச் சாயத்தண்ணியோடு விழுங்கக் கூடாது. களைப்பும் மூச்சு வாங்குவதும் இருந்தால் இரத்தம் சோதித்த பிறகே மாத்திரை எடுக்க வேண்டும். எல்ல இருக்கும் பதுளை மாவட்டம், பரம்பரை இரத்த நோயான தலசீமியா கூடுதலாகக் காணப்படும் பகுதிகளில் ஒன்று. எல்லாச் சோகையும் இரும்புக் குறைவால் வருவதில்லை.

மிச்சமிருப்பது அந்த ஒரு மணி நேரம். இதைக் கொழுந்து பறிக்கும் பெண்ணிடம் போய்ச் சொன்னால் அவர் சிரிப்பார். பத்து மணிக்கு உட்கார விடுவது கொஞ்ச நேரம். அதற்குள் ரொட்டியும் தின்ன வேண்டும், தேத்தண்ணியும் குடிக்க வேண்டும். எழும்பினால் மறுபடி கூடை, மறுபடி கிலோ. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவே இடைவெளி விடுங்கள் என்று சுவரொட்டி ஒட்டிவிட்டு, அந்த இடைவெளிக்கு நேரம் கொடுக்காமல் இருப்பது அறிவுரை என்ற பெயரில் பழியை அவர் தலையில் போடுவதுதான்.

ஆகவே தோட்டங்களை நடத்தும் கம்பனிகளுக்கும் சங்கத் தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த பேச்சுவார்த்தையில் கூலியோடும் கிலோவோடும் இந்த ஒரு மணி நேரத்தையும் மேசையில் வையுங்கள். காலைச் சாப்பாட்டுக்கு ஒரு வேளை, தேத்தண்ணிக்கு வேறொரு வேளை என்று மலையில் இரண்டு தனி ஓய்வு கொடுங்கள். லயத்துக்குப் பின்னால் கீரை போடும் துண்டு நிலத்தைத் திருப்பிக் கொடுங்கள். அவர்களின் இரத்தம் தேறினால் உங்களுக்கு நட்டமில்லை என்பதை 1979இலேயே உங்கள் தராசில் நிறுத்துக் காட்டிவிட்டார்கள்.